தவளையின் நித்திரை

திருவனந்தபுரத்தில் குளிர்காலம் என்று சொல்லத்தக்க ஒன்று கிடையாது. பூமத்திய ரேகைக்கு வடக்கே எட்டரைப் பாகையில், சமுத்திரத்தின் ஓரத்தில் அமைந்த அந்நகரத்தில், வருஷத்தின் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிக உஷ்ணமான மாதத்துக்கும் இடையே உள்ள சராசரி வித்தியாசம் சில பாகைகளே ஆகும். தை மாதத்து அதிகாலையில்கூடப் பாதரசம் 20 பாகைக்கு அருகில் வந்து நின்றுவிடுகிறது. ஆயினும் ஐப்பசியில் தொடங்கும் துலாவர்ஷம் பெய்து ஓய்ந்து, மார்கழியும் தையும் கழிந்து, மாசி பிறக்கிற தறுவாயில், வெள்ளாயணிக் காயலை ஒட்டிய வயல்களிலும், கரமனையாற்றின் கரையோரத் தோப்புகளிலும், வீட்டுக் கிணற்றடிகளிலும் அதுகாறும் குடியிருந்த தவளைகளில் பெரும்பாலானவை மெல்ல மெல்ல மௌனமாகிக் கண்ணிலும் படாமல் மறைந்துபோகின்றன. சித்திரையில் இடியோடு வரும் கோடைமழைக்குச் சில தலைகாட்டும். வைகாசி நடுவில், மலையாளத்தார் இடவப்பாதி என்று வழங்கும் தென்மேற்குப் பருவமழை இறங்கியவுடன், எங்கிருந்து வந்தன என்று எவருக்கும் புலப்படாத வகையில், ஒரே இரவில் அவை வயல் முழுவதும் நிறைந்துவிடும். மழையோடு தவளைகளும் ஆகாயத்திலிருந்து விழுகின்றன என்று நம் கிராமத்துப் பெரியவர்கள் சொன்னதில் வியப்பில்லை. முந்தின நாள் வெடித்துக் கிடந்த நிலத்தில் மறுநாள் ஆயிரம் தொண்டைகள் முழங்கினால் வேறு எவ்வாறுதான் எண்ணத் தோன்றும்?

வடதேசங்களின் தவளை பனிக்காலத்தில் உறங்கி வசந்தத்தில் எழுகிறது. நம்முடைய தவளை வெயிற்காலத்தில் உறங்கி மழையில் எழுகிறது. ஒன்றைக் குளிர்கால உறக்கம் என்றும் மற்றொன்றைக் கோடை உறக்கம் என்றும் பெயரிட்டு, இரண்டும் ஒன்றுக்கொன்று எதிரான சங்கதிகள் போலப் பாடப்புத்தகங்களில் பிரித்துச் சொல்லுவது வழக்கம். ஆனால் அந்த உயிரின் சரீர அமைப்பைச் சற்று உள்நுழைந்து பார்த்தோமானால், உறைபனியும் கடும் வெயிலும் தவளைக்குச் செய்கிற தீங்கு ஏறக்குறைய ஒன்றே என்பதும், அதனைத் தாங்க அது கைக்கொள்ளும் உபாயங்களும் வியக்கத்தக்க வண்ணம் ஒத்திருக்கின்றன என்பதும் தெளிவாகும். இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது அதனையே.

தவளையின் சகல நன்மைகளுக்கும் சகல துன்பங்களுக்கும் மூலகாரணம் அதன் தோல். பல்லிக்கும் பாம்புக்கும் உள்ளதுபோல் செதில் அதற்கு இல்லை. பறவைக்கும் மிருகத்துக்கும் உள்ளதுபோல் இறகோ ரோமமோ இல்லை. மெல்லியதாய், எப்பொழுதும் ஈரமாய், அடியில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வலைபோல் பின்னிக் கிடக்கும் அத்தோலின் வழியாகத்தான் தவளை தன் சுவாசத்தில் ஒரு பெரும் பகுதியை நடத்துகிறது. கரியமில வாயுவில் பெரும்பங்கு அவ்வழியே வெளியேறுகிறது. பிராணவாயுவும் அவ்வழியே உள்ளே வருகிறது. தவளை வாயால் நீர் பருகுவதில்லை. அடிவயிற்றிலும் தொடையின் உட்புறத்திலும் உள்ள மெல்லிய தோலை ஈரமண்ணின்மேல் பதித்து உட்கார்ந்து, வேர் நீரை ஈர்ப்பதைப்போல் அது தனக்கு வேண்டிய நீரை ஈர்த்துக்கொள்கிறது. நீர் இவ்வளவு சுலபமாக உள்ளே வரக்கூடிய தோலின் வழியே அது அவ்வளவு சுலபமாக வெளியேயும் போய்விடும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. உலர்ந்த காற்றில், நிழலற்ற தரையில் அகப்பட்ட தவளை சில மணி நேரங்களுக்குள் வாடிவிடுகிறது. மேலும், அதன் இரத்தத்தின் உஷ்ணம் சுற்றுப்புறத்தின் உஷ்ணத்தையே பின்பற்றுவதாகையால், குளிர்ந்த நாளில் தன்னை வெதுவெதுப்பாக வைத்துக்கொள்ளும் சக்தியும் அதற்கு இல்லை. இப்படிப்பட்ட ஒரு பிராணி பல கோடி ஆண்டுகளாக அண்டார்டிகா நீங்கலாக எல்லாக் கண்டங்களிலும் பரவி வாழ்ந்து வருவதே பெரிய விசேஷம்.

முதலில் குளிர்நாட்டைப் பார்ப்போம். ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் உள்ள பல தவளைகள் குளிர்காலத்தைக் குளத்தின் அடியிலே கழிக்கின்றன. நீர் 4 பாகையில்தான் மிகவும் கனமாக இருக்கும் என்பது பௌதிகத்தின் ஒரு விசித்திரமான விதி. அதனால் மேற்பரப்பு உறைந்து பனிக்கட்டியான பிறகும், ஆழமான குளத்தின் அடிநீர் திரவமாகவே நின்றுவிடுகிறது. அங்கே கற்களின் இடுக்கிலும் இலைக்குவியலின்மேலும் தவளை அசையாது கிடக்கும். நுரையீரலுக்கு அங்கே வேலையில்லை. தோல் ஒன்றே நீரில் கரைந்துள்ள பிராணவாயுவை வாங்கிக்கொடுக்கிறது. உடலின் வியாபாரமெல்லாம் மிகவும் மந்தமாகிவிட்டபடியால் அந்தச் சொற்ப வாயுவே போதுமானதாகிறது. சேற்றுக்குள் அது முற்றிலும் புதைந்து உறங்குவதாகப் பலர் நினைக்கிறார்கள். பிராணவாயு இல்லாத அடிச்சேற்றில் அவ்வாறு புதைந்தால் அது மூச்சுத் திணறி மடிய நேரும்.

ஆனால் எல்லாத் தவளைகளும் குளத்தை நாடுவதில்லை. வட அமெரிக்காவில் காட்டுத்தவளை என்று ஓர் இனம் உண்டு. கண்ணருகே கறுப்புப் பட்டையோடு, ஒரு பெருவிரல் நீளத்துக்குச் சற்று மேற்பட்ட உடலோடு, பார்ப்பதற்கு மிகச் சாதாரணமான அத்தவளை, வடதுருவ வட்டத்தையும் தாண்டி அலாஸ்கா வரை பரவியிருக்கிறது. அது குளத்துக்கும் போவதில்லை, மண்ணில் ஆழமாகத் தோண்டும் திறமும் அதற்கில்லை. காட்டுத் தரையில் உதிர்ந்து கிடக்கும் இலைகளுக்கு அடியில் ஒரு சிறு குழியில் உட்கார்ந்துவிடுகிறது. உட்கார்ந்த இடத்திலேயே அது உறைந்து கட்டியாகிவிடுகிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வில்லியம் ஷ்மிட் என்பவர் 1982இல் இச்செய்தியை முதன்முதலாக வெளியிட்டார். அதன்பின் கனடாவின் ஒட்டாவா நகரிலுள்ள கார்ல்டன் பல்கலைக்கழகத்தில் கென்னத் ஸ்டோரி, ஜேனட் ஸ்டோரி தம்பதிகளும், வேறு பலரும் ஆண்டுக்கணக்கில் செய்த பரிசோதனைகளினால் அதன் உள்விவரங்கள் ஒவ்வொன்றாய் வெளிப்பட்டன.

அவ்விவரங்களை நிதானமாகச் சொல்லவேண்டும். பூஜ்யத்துக்குச் சற்றுக் கீழே, இலைகளின்மேல் படிந்த பனித்துகள் ஒன்று தவளையின் ஈரத் தோலைத் தொட்டதும், உறைதல் தோலிலிருந்து உள்நோக்கிப் பரவத் தொடங்குகிறது. தொடங்கிய சில நிமிஷங்களுக்குள்ளாகவே ஈரலுக்குச் செய்தி போய்விடுகிறது. கோடைக்காலம் முழுவதும் சேமித்து வைத்திருந்த கிளைக்கோஜன் என்னும் மாச்சத்தை ஈரல் விரைந்து உடைத்துக் குளுக்கோஸ் சர்க்கரையாக மாற்றி இரத்தத்தில் கொட்டுகிறது. இதயம் நிற்பதற்கு முன்பாக அச்சர்க்கரை மூளைக்கும் இதயத்துக்கும் மற்ற முக்கிய அவயவங்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடவேண்டும். மனிதனுக்கு இருந்தால் மரணத்தை விளைவிக்கக்கூடிய அளவு சர்க்கரை அது. சாதாரண நிலையைக் காட்டிலும் பன்மடங்கு. பிறகு சுவாசம் நிற்கிறது, இதயம் நிற்கிறது, இரத்த ஓட்டம் நிற்கிறது. தோலுக்கும் தசைக்கும் இடையிலும், வயிற்றறையிலும் பனிக்கட்டித் தகடுகள் படிகின்றன. உடலிலுள்ள நீரில் ஏறத்தாழ 65 சதவிகிதம் வரை கட்டியாகிவிட்ட நிலையில், அத்தவளையை எடுத்துத் தரையில் தட்டினால் கல் தட்டுவதுபோல் ஒலிக்கும்.

அலாஸ்காவின் பேர்பேங்க்ஸ் பகுதியில், இயற்கையான குழிகளிலேயே காட்டுத்தவளைகளை வைத்துக் கவனித்து 2014இல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சியில், அவை சுமார் ஏழு மாத காலம் உறைந்து கிடந்ததும், குறைந்தபட்சமாக மைனஸ் 18 பாகை வரை உஷ்ணம் இறங்கியும் அத்தனையும் பிழைத்து எழுந்ததும் தெரியவந்தது. பனி இளகும் காலத்தில் உடல் முழுவதும் ஏறக்குறைய ஒரே சமயத்தில் இளகுகிறது. இதயம் முதலில் துடிக்கத் தொடங்குகிறது. அதன் பிறகு சுவாசம். அதன் பிறகு கால்களின் அசைவு. ஓரிரு நாட்களில், கரையோரத்துப் பனி முழுதும் கரைவதற்கு முன்பாகவே, ஆண் தவளைகள் குளத்துக்குச் சென்று துணையை அழைக்கத் தொடங்கிவிடுகின்றன.

இத்தனையிலும் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. பனிக்கட்டி உயிரணுக்களுக்கு வெளியே உள்ள இடைவெளிகளில்தான் உண்டாகிறதே தவிர, அணுக்களுக்கு உள்ளே உண்டாவதில்லை. உள்ளே உண்டானால் அதன் கூர்மையான படிகங்கள் அணுவைக் கிழித்துவிடும். வெளியில் உள்ள நீர் கட்டியாகும்பொழுது எஞ்சிய திரவத்தில் உப்பின் செறிவு ஏறுகிறது. உப்பிட்டு வைத்த மாங்காய்த் துண்டிலிருந்து நீர் கசிந்து வெளியேறுகிறதல்லவா? அதே நியாயப்படி, அணுக்களுக்குள்ளிருக்கும் நீரும் வெளியே இழுக்கப்பட்டு அணுக்கள் சுருங்குகின்றன. ஆகவே உறைபனியில் அகப்பட்ட அணுவுக்கு நேருகிற உண்மையான ஆபத்து, உலர்ந்துபோதல். அணுவுக்குள் நிறைந்திருக்கும் குளுக்கோஸ், நீரில் ஒரு பகுதியை வெளியே விடாமல் பிடித்து வைத்துக்கொண்டு, அணு அளவுக்கு மீறிச் சுருங்காதபடி காக்கிறது. அலாஸ்காத் தவளைகளில் இப்பணியில் யூரியாவும் சேர்ந்துகொள்கிறது. யூரியா நம் உடலில் கழிவுப்பொருள். தவளையோ குளிர் வருமுன் அதனை வெளியே தள்ளாமல் சேர்த்து வைத்துக்கொள்கிறது. பாலைவனங்களில் மழையில்லாக் காலத்தில் மண்ணுக்குள் உறங்கும் தேரைகளும் இதே யூரியாவை இதே காரணத்துக்காகச் சேர்த்து வைக்கின்றன. குளிரை வெல்லும் வித்தை, வறட்சியை வெல்லும் பழைய வித்தையிலிருந்தே பிறந்தது என்று ஸ்டோரி தம்பதிகள் முதலான ஆராய்ச்சியாளர்கள் கருதுவதற்கு இதுவே ஆதாரம். தவளையிடம் கற்ற பாடம் வைத்தியத்துக்கும் பயன்படத் தொடங்கியிருக்கிறது: குளுக்கோஸை ஒத்த, ஆனால் உடலில் செரித்துப்போகாத ஒரு சர்க்கரையை ஊட்டி, எலியின் ஈரலைப் பூஜ்யத்துக்குக் கீழே 6 பாகையில், உறையவிடாமல், மூன்று நான்கு நாட்கள் பாதுகாத்து, மீண்டும் வேறு எலிக்குப் பொருத்தி உயிர்பிழைக்கச் செய்ததாக 2014இல் அமெரிக்க விஞ்ஞானிகள் தெரிவித்தார்கள்.

நம் தென்னாட்டிலும் உறைபனி அறியாத தவளைகள்தாம் எல்லாம் என்று எண்ணிவிடலாகாது. திருவனந்தபுரத்துக்கு வடக்கே, தமிழ்த் தொழிலாளரின் உழைப்பால் தேயிலை செழித்த மூணாறு மலையில், தை மாதத்தின் சில இரவுகளில் புல்லின்மேல் உறைபனி வெள்ளை விரித்ததுபோல் படிவதைப் பலர் கண்டிருப்பர். அதற்கும் மேலே, 2,695 மீட்டர் உயரமுள்ள ஆனைமுடியின் உச்சிப் புல்வெளிகளில், செம்மஞ்சள் வண்ணம் பூண்ட சின்னஞ்சிறு புதர்த்தவளை ஒன்று வாழ்வதை 2010இல் ஆராய்ச்சியாளர் உலகுக்கு அறிவித்தனர். உலகில் வேறெங்கும் அது இல்லை. தலைப்பிரட்டைப் பருவமே இல்லாமல், முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளையாக வெளிவரும் இனம் அது. பகலில் உண்ட வெப்பத்தைப் புல்லின் நுனி இரவில் ஆகாயத்துக்குக் கொடுத்துவிட்டு உறைந்து போகிறது. அடர்ந்த புல்தூரின் அடியும் மண்ணும் அவ்வளவு விரைவாகக் குளிர்வதில்லை. அந்தத் தூர்களின் அடிதான் அச்சிறு உயிரின் வாசஸ்தலம்.

இனித் திருவனந்தபுரத்துக்குத் திரும்புவோம். வறட்சியிலிருந்து தப்ப இங்குள்ள தவளைக்கு இருக்கும் புகலிடம் மண் ஒன்றே. மண்ணின் இந்தக் குணத்தை அளந்தறியும் முயற்சி இதே நகரத்தில் நடந்தது என்பதை நினைக்க எனக்கு மிகுந்த மகிழ்ச்சி உண்டாகிறது. சுவாதித் திருநாள் மகாராஜா 1837இல் ஸ்தாபித்த வான்நோக்கு நிலையத்தின் முதல் தலைவரான ஜான் கால்டிகாட், வெப்பமானிகளைத் தரைக்குள் வெவ்வேறு ஆழங்களில் புதைத்து, 1842 மே முதல் 1845 டிசம்பர் வரை அவற்றைப் பார்வையிட்டுக் குறித்து வந்தார். அக்குறிப்புகளை எடின்பரோவிலுள்ள ராஜரீக சங்கம் 1849இல் பிரசுரித்தது. தவளையை நினைத்து அவர் அதனைச் செய்யவில்லை. பூமியின் உஷ்ணம் ஆழத்தோடும் பருவத்தோடும் எவ்வாறு மாறுகிறது என்பதே அக்காலத்து விஞ்ஞானிகளின் வினா. எனினும் அவ்வினாவின் விடை தவளைக்கு உயிர்நாடி. பகலுக்கும் இரவுக்கும் உள்ள உஷ்ண வித்தியாசம் மண்ணில் மூன்றடி இறங்குவதற்குள் மறைந்துபோய்விடுகிறது. மேற்பரப்பு வெடித்துப் புழுதியான பிறகும் கீழே ஈரம் சிறிது எஞ்சி நிற்கிறது. மண்துகள்களுக்கு இடைப்பட்ட காற்றோ ஈரத்தால் நிறைந்து கிடக்கிறது. வெயிலும் காற்றும் தொடாத, இரவு பகல் அறியாத அந்த இடத்தில் தோலின் வழியாக நீர் போவது மிகவும் குறைந்துவிடுகிறது.

அவ்விடத்தை அடைவதற்குத் தவளைக்கு ஒரு கருவி உண்டு. பின்னங்காலின் உள்ளங்காலில், உட்புற ஓரத்தில், மண்வெட்டியின் வாய்போல் கடினமான ஒரு புடைப்பு இருக்கிறது. உடலை அசைத்து அசைத்து, பின்னங்கால்களால் மண்ணை இருபுறமும் தள்ளி, பின்புறமாகவே அது கீழே இறங்குகிறது. தலை கடைசியாக மறைகிறது. உருண்டை உடல் கொண்ட சிறு மண்தவளைகள் இதில் மிகவும் தேர்ந்தவை. வயல்களில் வாழும் பெருந்தவளைகூட வரப்பின் ஈரமண்ணில் இவ்வாறு புகுந்து கிடக்கும். மணலுக்குள் மூழ்கிக் கிடக்கும் இத்தகைய தவளையை நம் முன்னோர் கூர்ந்து கவனித்திருந்தனர் என்பதற்குப் பழமொழி நானூறு சாட்சி. மறைந்து கிடந்தும் தன் குரலாலேயே அது அகப்பட்டுக்கொள்வதை அந்நூல் ஓர் உவமையாக்கியிருக்கிறது.

உள்ளே போனபின் அது கல்லாகக் கிடப்பதில்லை. மந்தமாக, ஆனால் இடைவிடாமல், ஓர் உயிர்த்தொழில் நடந்துகொண்டே இருக்கிறது. மழைக்காலத்தில் தின்ற பூச்சிகளின் பயன், வயிற்றுக்குள் விரல்கள் போன்ற மஞ்சள் நிறக் கொழுப்புத் திரளாகச் சேர்ந்திருக்கிறது. அதுவே இந்த மாதங்களுக்கெல்லாம் ஆகாரம். சிறுநீர்ப்பையில் தேங்கிய தெளிந்த நீர் வெளியே தள்ளப்படாமல், தேவைக்கேற்ப மீண்டும் இரத்தத்தில் சேர்க்கப்படுகிறது. சுற்றியுள்ள மண் மேன்மேலும் காயும்பொழுது, முன்பு சொன்ன யூரியா உடலில் ஏறுகிறது. அதன் செறிவினால் உடல், மண்ணுக்கு நீரை இழப்பதற்குப் பதிலாக, மண்ணிடமிருந்து நீரை ஈர்க்க வல்லதாகிறது. மாங்காய்க்குச் சொன்ன அதே நியாயம் இங்கே தவளைக்கு அனுகூலமாகத் திரும்பிவிட்டது. உடல்நீரில் ஏறக்குறைய பாதியை இழந்தும் பிழைக்கக்கூடிய பாலைவனத் தேரைகள் உண்டு. மனிதன் அதில் ஒரு சிறு பங்கை இழந்தாலே உயிர் தரிக்கமாட்டான்.

இவ்வித்தையின் உச்சியைக் காண ஆஸ்திரேலியாவுக்குப் போகவேண்டும். அங்கே வறண்ட உட்பிரதேசத்தில் வாழும் நீர்சேமிக்கும் தவளை, மண்ணுக்குள் தன் தோலை அடுக்கடுக்காக உரித்து, அவ்வுரிகளையே தன்மேல் ஒரு கூடாக ஒட்டவிட்டு, நாசித்துவாரம் மட்டும் திறந்திருக்க அதற்குள் மாதக்கணக்கில், மழை பொய்த்தால் ஆண்டுக்கணக்கில்கூடக் கிடக்கிறது. அந்நாட்டு ஆதிக்குடிகள் தாகம் எடுத்தபோது அதனைத் தோண்டியெடுத்து, மெல்ல அழுத்தி, அதன் சிறுநீர்ப்பை நீரைப் பருகி வந்தனர். அதன் பேரினத்தைச் சேர்ந்த வேறொரு தவளையை ஒன்பது மாதம் உறங்கவைத்துச் சோதித்தபோது, கால்தசைகள் பெரும்பாலும் மெலியாமல் இருக்கக் கண்டார்கள். எலும்பு முறிந்து சில வாரங்கள் மாவுக்கட்டில் கிடந்த நம்முடைய கால் எவ்வளவு சூம்பிப்போகிறது என்பதை நினைத்துப் பார்த்தால், இதன் அருமை விளங்கும். எழுந்த அன்றைக்கே தாவ வேண்டிய உயிருக்கு இது இன்றியமையாதது.

எழுப்புவது எது? வசந்தத்தில் வெப்பம் எழுப்புகிறது என்பது வடதேசத்துக்குப் பொருந்தும். உஷ்ணம் மாறாத நம் மண்ணில் அது பொருந்தாது. ஈரம் கீழே ஊறி வந்து தோலைத் தொடுவது ஒரு காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் அமெரிக்கப் பாலைவனத்துத் தேரைகளை ஆராய்ந்த இருவர், 1980இல் வெளியிட்ட கட்டுரையில் ஓர் அற்புதமான செய்தியைக் கூறினர்: துளி நீரும் இல்லாமல், மழை தரையில் அறைவதை ஒத்த அதிர்வை ஒரு மின்விசைப் பொறியால் உண்டாக்கியவுடனேயே, உலர்ந்த மண்ணைப் பிளந்துகொண்டு தேரைகள் வெளியே வந்துவிட்டன. மண்ணுக்கு உள்ளிருப்பது, ஈரம் தன்னை எட்டுவதற்கு முன்பே, மழையின் முழக்கத்தை உடலால் உணர்ந்துகொள்கிறது. பாலைவனத்தில் ஒரு மழைக்குப் பின் தேங்கும் குட்டை சில நாட்களில் வற்றிவிடுமாகையால், அங்கே ஓரிரவு தாமதிப்பதுகூடச் சந்ததிக்கு ஆபத்து.

நம்மிடத்தில் பருவமழை அவ்வளவு கருமியல்ல. மே மாதம் 10ஆம் தேதிக்குப் பின், திருவனந்தபுரம், புனலூர், கொல்லம், மினிக்காய் உள்ளிட்ட 14 நிலையங்களில் அறுபது சதவிகிதத்துக்குக் குறையாதவற்றில் தொடர்ந்து இரண்டு நாட்கள் இரண்டரை மில்லிமீட்டராவது மழை பதிவாகி, மேல்காற்றும் உரிய திசையில் வீசினால்தான் பருவமழை தொடங்கிற்று என்று வானிலைத் துறையினர் பிரகடனம் செய்வார்கள். சராசரியாக அது ஜூன் 1. வயல்களின் பெருந்தவளை அந்தப் பிரகடனத்துக்குக் காத்திருப்பதில்லை. முதல் பெருமழைக்கே வெளிவரும் ஆண் தவளை, மந்தமான பசும்பழுப்பு நிறத்தைக் களைந்து, எலுமிச்சை போன்ற பளீரென்ற மஞ்சளை அணிந்துகொள்கிறது. தாடையின் இருபுறமும் நீலநிறக் குரற்பைகள் உப்பி எழுகின்றன. சில இரவுகள் மட்டுமே நீடிக்கும் அக்கோலத்தை, விளக்கொளியில் தேங்கிய நீரில் கூட்டமாகப் பார்க்கும் பாக்கியம் பெற்றவர்கள் அதனை மறக்கமாட்டார்கள்.

அந்தக் கோலமே அதற்கு ஆபத்தாகவும் முடிந்த ஒரு காலம் உண்டு. அயல்நாட்டு உணவு மேஜைகளுக்குத் தவளைக்கால் ஏற்றுமதியான அந்த ஆண்டுகளில், பெட்ரோமாக்ஸ் விளக்கும் சாக்கும் ஏந்திய மனிதர்கள் கேரளத்து வயல்களில் இறங்கி, இணைசேர வந்து கூடிய தவளைகளை அந்த முதல் மழை இரவுகளிலேயே வாரிச் சென்றார்கள். முட்டையிடுமுன் பிடிபட்ட தவளையோடு அதன் சந்ததியும் போயிற்று. பயிரைத் தின்னும் பூச்சிகளுக்குக் காவலும் போயிற்று. 1987இல் இந்திய அரசாங்கம் அவ்வியாபாரத்தைத் தடைசெய்தது. அது மிகவும் நியாயமான காரியம்.

இன்றைய தீங்கு வேறு வகையானது. வயல்களை நிரப்பி வீடு கட்டுவதைக் கட்டுப்படுத்தக் கேரளத்தில் 2008இல் நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் அச்சட்டம் வீட்டு முற்றத்தைத் தொடுவதில்லை. திருவனந்தபுரத்தில் ஒரு காலத்தில் மா, பலா, தென்னை நிழலில் மண்ணாகவே கிடந்த முற்றங்கள், இப்பொழுது சுவரிலிருந்து சுவர்வரை இன்டர்லாக் கற்களால் மூடப்பட்டு வருகின்றன. சேறு ஒட்டாது, கார் நிறுத்தலாம், பெருக்குவதற்குச் சுலபம் என்று சொல்லுகிறார்கள். அந்தச் சௌகரியங்கள் மெய்தான். ஆயினும் மாசியிலோ பங்குனியிலோ, வேலைக்கு உகந்த உலர்ந்த காலம் என்று பார்த்து அந்தக் கற்களைப் பாவும் சமயமே, கீழே தவளை உறங்கும் சமயம் என்பதை எவரும் எண்ணிப் பார்ப்பதில்லை. முற்றத்தைச் சமப்படுத்தி, அடித்து இறுக்கி, கல்லைப் பதித்துவிட்டால், கீழே இருந்தவை மேலே வர வழியில்லை. அடுத்த ஆண்டு கீழே போக விரும்பியவைக்கும் இடமில்லை. மதிலோரத்தில் நாலடி அகலமாவது மண்ணை மண்ணாகவே விட்டுவைக்கும்படி வீடு கட்டுவோரை நான் வேண்டிக்கொள்கிறேன்.

காடுகளின் கதையைச் சொல்லாமல் இதனை முடிக்க இயலாது. திருவனந்தபுரம் அருங்காட்சியகத்தின் தலைவராய் இருந்த ஹாரல்ட் பெர்குஸன், திருவிதாங்கூரின் தவளைகளையும் தேரைகளையும் பட்டியலிட்டுப் பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் சஞ்சிகையில் 1904இல் வெளியிட்டார். அக்காலத்துக்கு அது பெரிய முயற்சி. எனினும், அதே மலைத்தொடரின் மண்ணுக்கடியில் வாழ்ந்த மிக விசித்திரமான தவளை அப்பட்டியலில் இல்லை. அதற்குப் பின்னும் ஏறக்குறைய நூறாண்டுகள் அதன் வளர்ந்த உருவம் விஞ்ஞான உலகுக்கு அறிமுகமாகவில்லை. திருவனந்தபுரத்தை அடுத்த பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரத்தோட்ட ஆராய்ச்சி நிலையத்தில் தாவரவியலாளராகப் பணியாற்றிப் பின்னர்த் தவளைகளின்பால் முற்றிலும் ஈடுபட்டுவிட்ட எஸ். டி. பிஜு, பெல்ஜியத்தைச் சேர்ந்த பிராங்கி பாசுயட் என்பவரோடு சேர்ந்து, இடுக்கி மாவட்டத்தில் கிடைத்த அத்தவளையை 2003 அக்டோபரில் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிமுகப்படுத்தினார். ஊதா நிறம், காற்று ஊதியது போன்ற உடல், குட்டையான கால்கள், கடுகு போன்ற கண்கள், வெளிறிய கூரிய மூக்கு. அன்று அறியப்பட்டிருந்தவற்றுள் அதன் மிக நெருங்கிய உறவினர் இந்தியாவில் இல்லை. இந்துமகா சமுத்திரத்துக்கு அப்பால் செய்ஷெல்ஸ் தீவுகளில் வாழும் சிறு தவளைகளே அவை. இரு கிளைகளும் பிரிந்து சுமார் 13 கோடி ஆண்டுகள் ஆகியிருக்கும் என்று அவர்கள் கணித்தார்கள். இந்தியாவும் செய்ஷெல்ஸும் ஒரே நிலப்பரப்பாய் ஒட்டிக் கிடந்த காலம் அது.

மலையாள மக்கள் இதனைப் பாதாளத்தவளை என்றும் மாவேலித்தவளை என்றும் அழைக்கிறார்கள். பாதாளத்திலிருந்து ஆண்டுக்கொருமுறை தம் குடிகளைக் காண வரும் மகாபலிச் சக்கரவர்த்தியின் பெயர், ஆண்டில் இரண்டு வாரமளவே வெளியே வரும் இவ்வுயிருக்கு மிகவும் பொருத்தமே. மற்றத் தவளைகளைப்போல் இது மண்ணுக்குள் உறங்கிக் கிடப்பதில்லை. அங்கேயே நடமாடி, கூரிய மூக்கால் கறையான்களின் வழிகளைத் துளைத்து, நாவால் அவற்றை உறிஞ்சித் தின்று வாழ்கிறது. இதற்கு மண்ணே வீடு. மழை நாட்களில் வெளியே வருவது சந்ததிக்காக மட்டும். பருவமழைக்கு முந்திய மழைகளில், ஓடைக்கரையின் மெல்லிய மண்படலத்துக்குக் கீழே இருந்துகொண்டே ஆண் தவளை குரல் கொடுக்கிறது. ஆராய்ச்சியாளர்கள் மண்ணுக்கடியில் எழும் அக்குரலைப் பின்பற்றியே அதன் இருப்பிடத்தைக் கண்டுபிடித்தனர். நானூறின் புலவர் சொன்னது இங்கே எழுத்துக்கு எழுத்து நடந்தது. ஆணைவிட மிகப் பெரியதான பெண் தவளை, அதனை முதுகில் சுமந்துகொண்டே பாறை ஓடைக்குச் சென்று, ஈராயிரத்துக்குக் குறையாத முட்டைகளை இட்டுவிட்டு மீண்டும் மண்ணுக்குள் போய்விடுகிறது. தலைப்பிரட்டைகளோ வெள்ளம் பாயும் பாறைகளில், உறிஞ்சிப் பற்றும் வாயால் ஒட்டிக்கொண்டு, நூறு நாட்களுக்கு மேல் வளர்கின்றன. மலைவாழ் மக்கள் பாறையிலிருந்து அவற்றை அள்ளி உணவாக்குவது பழைய வழக்கம். காடு சுருங்கிவிட்ட இந்நாளில் அதுவும் இவ்வினத்துக்குப் பாரமாகிவிட்டது.

இப்பொழுது தமிழ்நாட்டின் பக்கம் பார்க்கலாம். மேற்கு மலைத்தொடரின் மேற்குச் சரிவில் ஆனி, ஆடியில் மழை கொட்டும்பொழுது, கிழக்குச் சரிவு மழைமறைவில் கிடக்கிறது. அங்கே பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். ஸ்ரீவில்லிபுத்தூர் சாம்பல் நிற அணில் சரணாலயத்து ஓடைகளில் இந்த வடகிழக்குப் பருவமழையின்போது காணப்பட்ட தலைப்பிரட்டைகளையும் தவளைகளையும் மரபணு வழியாகவும் ஆராய்ந்து, அவை பாதாளத்தவளையின் உறவினராயினும் வேறோர் இனம் என்று 2017இல் நிரூபித்தார்கள். 2014இல் அகத்தியமலைப் பகுதியில் ஆராய்ச்சிப் பணியின்போது விபத்தில் உயிர்நீத்த ஊர்வன ஆராய்ச்சியாளர் எஸ். பூபதியின் நினைவாக அதற்குப் பெயரிட்டார்கள். மேற்குச் சரிவின் தவளை முட்டையிட்டு மண்ணுக்குள் திரும்பிப் பல மாதங்கள் ஆனபின், அதன் தலைப்பிரட்டைகளும் உருமாறி ஓடையை விட்டு நீங்கிய காலத்தில்தான், மலையின் மறுபுறத்தில் பூபதித் தவளை மண்ணைத் திறந்துகொண்டு ஓடையை நோக்கி வருகிறது.